வயதான பெற்றோருடன் ஜப்பான் சுற்றுலா போகிறேன். மாத்திரை, ஊறுகாய் எல்லாம் கொண்டுபோகலாமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

கொண்டுபோகலாம். ஆனால் விசாவுக்குக் காட்டும் அக்கறையை மருந்துப் பைக்கும் காட்டுங்கள். ஜப்பானில் மருந்துச் சட்டம் கடுமையானது. தடை செய்யப்பட்ட மருந்துக்கு நம் டாக்டர் சீட்டு இருந்தாலும் எடுபடாது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் ஒரு மாத அளவு வரை தனி அனுமதியின்றிக் கொண்டுபோகலாம். இன்சுலின் பேனாவுக்கும் அதே கணக்குதான். அதற்கு மேல் தேவை என்றால் ‘யுன்யு ககுனின்ஷோ’ என்ற சான்றிதழைப் புறப்படும் முன்பே ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்க வேண்டும், கட்டணம் இல்லை. மாத்திரைகளை டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். மருந்தின் பெயர் தெரியும் முழு அட்டையும், ஆங்கிலத்தில் எழுதிய சீட்டும் சேர்ந்தே இருக்கட்டும். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் வீணாகிவிடும்.

பலர் கோட்டைவிடுவது சளி மாத்திரையில். அட்டையின் பின்பக்கம் ‘சூடோஎஃபிட்ரின்’ (மூக்கடைப்பு நீக்கும் மருந்து) என்று இருக்கிறதா பாருங்கள். மாத்திரையின் எடையில் அது 10 சதவீதத்தைத் தாண்டினால் தடை. 500 மி.கி. எடையுள்ள மாத்திரையில் 60 மி.கி. இருந்தாலே 12 சதவீதம் ஆகிவிடும். மொத்த எடை அட்டையில் இருக்காது என்பதால், அந்த மருந்தையே தவிர்த்துவிட்டு வெறும் பாராசிட்டமால் எடுத்துப் போவது நல்லது. கோடீன் கலந்த இருமல் சிரப்பும் வேண்டாம். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்கள் முன் அனுமதி வாங்கியே ஆக வேண்டும்; குறைந்தது 14 நாள் முன்னதாக விண்ணப்பியுங்கள்.

எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய், பாக்கெட் மசாலாப் பொடிகள் பிரச்சினை இல்லை. மட்டன் ஊறுகாய், சிக்கன் தொக்கு போன்ற இறைச்சிப் பண்டம் எதுவும் கூடாது, சீல் வைத்த பாக்கெட்டாக இருந்தாலும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் இவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பெட்டிகள் வரும் இடத்தில் மோப்ப நாய்கள் சுற்றும்.

இந்தியாவில் வசிப்பவர்களுக்குச் சுற்றுலா இ-விசா உண்டு: ஒருமுறை நுழைவு, 90 நாள் வரை. இதில் ஒரு சிக்கல். விசா கிடைத்ததைக் காட்டும் அறிவிப்பை ஏர்போர்ட்டில் இணையத்தில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், பிரிண்ட் எதுவும் செல்லாது. பெற்றோரின் அறிவிப்பும் உங்கள் போனில் திறக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். குடியேற்றம், சுங்கப் படிவங்களை ‘விசிட் ஜப்பான் வெப்’ என்ற ஜப்பான் அரசு இணையதளத்தில் நிரப்பினால் க்யூஆர் கோடு கிடைக்கும், வரிசையில் நின்று எழுதும் வேலை மிச்சம்.

அங்கே வெளியே போகும்போது அசல் பாஸ்போர்ட் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். நகல் போதாது, சட்டப்படி 1,00,000 யென் வரை அபராதம்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பொருந்துமா என்று பாலிசியைப் படித்துப் பார்த்து எடுங்கள். பெற்றோர் வயதில் இதுதான் முக்கியம்.

நிலநடுக்க எச்சரிக்கை வந்தால் போன் அலறும். ஓடாதீர்கள், மேஜைக்கு அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். லிஃப்டில் இருந்தால் எல்லா மாடிப் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் நிற்கும் மாடியில் இறங்கிவிடுங்கள். கடற்கரையில் பலமான அதிர்வை உணர்ந்தால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போங்கள். பெற்றோர் வேகமாக நடக்க முடியாதவர்கள் என்றால் கடலோர விடுதியில் நுழைந்ததுமே வெளியேறும் வழியைக் கேட்டு வையுங்கள். ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலி எச்சரிக்கையை ஆங்கிலத்தில் தரும். ஆம்புலன்ஸுக்கு 119, போலீசுக்கு 110.