'சின்ன மாற்றம்தான், அப்படியே சேர்த்துடுங்க': திட்ட மேலாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் அட்டவணை, பட்ஜெட், மென்பொருள் பற்றியவை குறைவு. பெரும்பாலும் ஆட்களைப் பற்றித்தான். படித்துக்கொண்டே போனதில் ஒன்று தெரிந்தது: 'கஷ்டமான ஸ்டேக்ஹோல்டர்' (திட்டத்தில் அக்கறையோ பாதிப்போ உள்ள ஆள்) என்று எழுதியிருக்கிற பல இடங்களில், எதை யார் முடிவு செய்வது என்று யாரும் சொல்லி வைக்காததுதான் கஷ்டமே. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஒரு கடிதத்தில் வருகிற ஆள் நிஜமாகவே மோசம். அலுவலகத்தைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

கேள்வி: விற்பனைத் துறைத் தலைவருக்கும் நிதித் துறைத் தலைவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆர்டர் எடுக்கும்போதே விற்பனையாளர் தள்ளுபடி போட்டுக்கொள்ளும் வசதி வேண்டும் என்கிறார் ஒருவர். எங்கள் ஒப்புதல் இல்லாமல் ஒரு சதவீதம்கூடக் குறைக்க விடமாட்டோம் என்கிறார் இன்னொருவர். ஸ்பான்சரிடம் (திட்டத்துக்குப் பணமும் ஒப்புதலும் தருகிற மேலதிகாரி) போனால் "நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்கிறார். வேலை நின்று மூன்று வாரம் ஆகிறது.

இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பஞ்சாயத்து பண்ணலாம் என்று தோன்றும். இப்போதைக்கு வேண்டாம். மற்றவர் எதிரில் இருவருமே இறங்கி வர மாட்டார்கள். தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பக் கேட்காதீர்கள். "நீங்கள் கேட்டபடி நடக்காவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

விற்பனைத் தலைவர் அநேகமாக இப்படிச் சொல்வார்: வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், எங்கள் ஆள் "கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வருகிறார், மறுநாள் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறது. நிதித் தலைவரின் கவலை வேறு. கொடுத்த தள்ளுபடியெல்லாம் காலாண்டு முடிவில்தான் அவர் கண்ணில் படுகிறது, தணிக்கையாளருக்குப் பதில் சொல்வதோ அவர். ஒருவருக்கு வேகம் வேண்டும். இன்னொருவருக்குத் தனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது. இப்படிப் பார்த்தால் இரண்டும் மோதவே இல்லை. ஒரு வரம்பு வரை விற்பனையாளரே போடட்டும், தாண்டினால் ஒப்புதல் கேட்கட்டும், கொடுத்த தள்ளுபடி எல்லாம் அன்றன்றைக்கே நிதித் துறையின் திரைக்கு வரட்டும். வரம்பு எத்தனை சதவீதம் என்பதில் இழுபறி மிஞ்சும். இப்போது இருக்கிற சண்டையைவிட அது எவ்வளவோ சின்னது.

அந்த எண்ணைத்தான் ஸ்பான்சரிடம் கொண்டுபோக வேண்டும். "என்ன செய்யலாம் சார்?" என்று கேட்டால் மறுபடியும் "பேசிப் பாருங்க" என்றுதான் வரும். யாருமே அப்படித்தான் தட்டிக்கழிப்பார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு வழிகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், எவ்வளவு செலவு, யாருக்கு வருத்தம் என்று போட்டு, உங்கள் பரிந்துரை எது என்றும் சொல்லிவிடுங்கள். கடைசி வரி முக்கியம்: "வியாழக்கிழமைக்குள் முடிவு தெரியாவிட்டால் டெஸ்டிங் ஒரு வாரம் தள்ளிப்போகும்." காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பது எழுத்தில் இருந்தால் பேனா தானாக நகரும்.

அப்புறம், எந்த வேலையில் யாருக்கு என்ன பங்கு என்று காட்டும் உங்கள் ரேசி (RACI) அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வேலை செய்பவர், இறுதிப் பொறுப்பாளர், ஆலோசனை கேட்கப்படுபவர், தகவல் மட்டும் பெறுபவர் என நான்கு நிலைகள் இருக்கும். இறுதிப் பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான் வர வேண்டும். தள்ளுபடி விதிகள் என்ற வரியில் உங்கள் அட்டவணையில் இரண்டு பெயர் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். குறுகிய சுற்றுகளாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் வழிகாட்டியும், எது முதலில் வேண்டும் என்று முடிவு செய்கிற ப்ராடக்ட் ஓனர் ஒரே ஒரு நபர், குழு கிடையாது என்றுதான் அடித்துச் சொல்கிறது. காரணம் இந்த மாதிரி மூன்று வாரங்கள்தான்.

கேள்வி: கிளையன்ட் எல்லா மாற்றத்தையும் போனில்தான் கேட்கிறார். "சின்ன மாற்றம்தான், அப்படியே சேர்த்துடுங்க" என்பார். மறுத்தால் உறவு கெடுமோ என்று பயம்.

போனில் முடியாது என்றும் சொல்ல வேண்டாம், சரி என்றும் சொல்ல வேண்டாம். "செய்யலாம் சார், எவ்வளவு வேலை என்று டீமிடம் கேட்டுவிட்டு நாளை மதியத்துக்குள் எழுதி அனுப்புகிறேன்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். போனை வைத்ததும் மின்னஞ்சல்:

"இன்று பேசியபடி, அறிக்கையில் கிளைவாரியாகப் பிரித்துக் காட்டும் வசதியைக் கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நான்கு நாள் வேலை. இரண்டு வழிகள் இருக்கின்றன. (அ) கோ-லைவ் (பயன்பாட்டுக்கு வரும்) தேதியை நான்கு நாள் தள்ளலாம். (ஆ) தேதியை மாற்றாமல், எக்செல் பதிவிறக்க வசதியை அடுத்த ரிலீசுக்கு மாற்றலாம். எது என்று சொன்னால் தொடங்கிவிடுகிறோம்."

மறுப்பு எங்கேயுமே இல்லை, கவனித்தீர்களா? விலையைச் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான். இந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் பாதி மாற்றங்கள் "அப்ப அடுத்த ரிலீசில் பார்த்துக்கலாம்" என்று தானாகவே ஓய்ந்துவிடும்.

நல்லெண்ணத்துக்காகச் சும்மா செய்து கொடுக்கும் அரை மணி நேர வேலைகள் இருக்குமே, அவற்றையும் மாற்றப் பதிவேட்டில் 'கட்டணம் இல்லை' என்று எழுதி வையுங்கள். எழுதாத உதவி யாருக்கும் நினைவில் இருக்காது. இன்னும் திட்டத்தின் தொடக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்றால் மாஸ்கோ (MoSCoW) என்ற முன்னுரிமை முறையில் தேவைகளைப் பிரித்துவிடுங்கள்: கட்டாயம் வேண்டும், இருக்க வேண்டும், இருந்தால் நல்லது, இம்முறை இல்லை. கட்டாயம் என்ற பிரிவு மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது டி.எஸ்.டி.எம். என்ற திட்ட மேலாண்மை முறையின் பரிந்துரை. எல்லாமே கட்டாயம் என்று சொல்லும் கிளையன்டிடம் அந்த 60-ஐக் காட்டுங்கள். அதைத் தாண்டினால் திட்டத்தில் விட்டுக்கொடுக்க ஒன்றும் மிஞ்சாது, முதல் தடங்கலிலேயே தேதி போய்விடும்.

கேள்வி: ஒரு சீனியர் மேனேஜர் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறார், ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசியில் சைன்-ஆஃப் (இறுதி ஒப்புதல்) நேரத்தில் "இதுக்கு நான் ஒத்துக்கவே இல்லையே" என்கிறார்.

கூட்டத்தில் "எல்லாருக்கும் ஓகேதானே?" என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள அந்தக் கேள்வி நமக்கு வசதி. அதே கேள்விதான் பின்னால் அவருக்கும் வசதியாகிவிடுகிறது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் பத்து நிமிடம் தனியாகப் போய்ப் பாருங்கள். "நாளைக்கு இதை முடிவு செய்யப் போகிறோம். இதில் உங்களுக்கு உறுத்துவது எது?" என்று கேளுங்கள். சரியா என்று கேட்டால் சரி என்பார், உறுத்துவது எது என்று கேட்டால் யோசிப்பார். பதினைந்து பேர் முன்னால் சந்தேகம் கேட்கக் கூச்சப்படும் மேலதிகாரிகள் நிறையப் பேர். அவர் சொன்னதை மறுநாள் கூட்டத்தில் அவர் பெயரிலேயே பாராட்டி முன்வையுங்கள். அதன்பின் மினிட்ஸில் முடிவு, முடிவெடுத்தவர், தேதி மூன்றும் வரட்டும். 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதும் மினிட்ஸால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கேள்வி: ஸ்டேக்ஹோல்டர் மேட்ரிக்ஸ் எல்லாம் நிஜமாகவே போட வேண்டுமா? சான்றிதழ் தேர்வுக்குப் படித்ததோடு சரி.

போடுங்கள், அரை மணி நேர வேலைதான். ஸ்டேக்ஹோல்டர்களை நான்கு மூலைகளில் பிரித்து வைக்கும், மெண்டலோ என்ற ஆய்வாளரின் பெயரில் வழங்கும் அதிகாரம்–ஆர்வம் கட்டத்தில் எல்லோரும் கோட்டை விடும் இடம் 'அதிகாரம் குறைவு' என்ற மூலை. சர்வருக்கு அனுமதி கொடுக்கிறவரையும் பாதுகாப்புச் சோதனையில் கையெழுத்துப் போடுகிறவரையும் அங்கே தள்ளிவிடுவோம். கோ-லைவுக்கு முந்தைய வாரம் திட்டமே அவர் மேஜையில் நிற்கும். பதவியை வைத்து அதிகாரத்தை அளக்காதீர்கள், யாரால் வேலையை நிறுத்த முடியும் என்று பாருங்கள்.

பி.எம்.ஐ. (திட்ட மேலாண்மைக்கான சர்வதேச அமைப்பு) வழிகாட்டியில் வரும் இன்னொரு அளவுகோலும் உதவும்: அறியாதவர், எதிர்ப்பவர், நடுநிலையாளர், ஆதரிப்பவர், முன்னின்று நடத்துபவர். எல்லோரையும் கடைசிப் படிக்கு இழுக்க வேண்டியதில்லை. எதிர்க்கிறவர் நடுநிலைக்கு வந்தாலே பல திட்டங்கள் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: இதைப் பொது ஃபோல்டரில் போடாதீர்கள். 'எதிர்ப்பவர்' என்று தன் பெயர் இருப்பதைப் பார்க்கிற நடுநிலையாளர் அன்றைக்கே எதிர்ப்பவர் ஆகிவிடுவார்.

கேள்வி: இருபது வருட அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளர் புதிய சாஃப்ட்வேரைத் தொடவே மாட்டேன் என்கிறார். அவரைப் பார்த்து மற்றவர்களும்.

நான் பார்த்த ஒரு கிடங்குத் திட்டத்தில் இதே கதை. மேற்பார்வையாளர் பயிற்சிக்கு வந்தாலும் பின்னால் கைகட்டி நிற்பார். கம்ப்யூட்டர் என்றால் பயம் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். ஒரு காலைப்பொழுது முழுக்க அவர் கூடவே நடந்தேன். சட்டைப்பையில் நீளவாக்கில் மடித்த நோட்டு ஒன்று வைத்திருந்தார். பெட்டி நசுங்கியிருந்து உள்ளே சரக்கு நன்றாக இருந்தால் அதில் பென்சிலால் ஒரு குறி போடுவார். அனுப்புவதற்கு முன் பெட்டியை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

புதிய திரையில் 'நல்லது', 'சேதம்' என்று இரண்டே பொத்தான்கள். சேதம் என்று அழுத்தினால் நல்ல சரக்கு கணக்கிலிருந்து கழிந்துவிடும். நல்லது என்று அழுத்தினால் நசுங்கிய பெட்டி அப்படியே வாடிக்கையாளருக்குப் போகும், திட்டு இவருக்கு விழும். தேவைகளைக் கேட்டு எழுதிய யாரும் இவரிடம் கேட்கவில்லை. மூன்றாவதாக ஒரு பொத்தான் சேர்த்தோம். பயிற்சி வகுப்பில் அந்தப் பகுதியை அவரே நடத்தினார்.

உங்கள் ஆளிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாமலும் இருக்கலாம். தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் தன் மதிப்பு என்ன ஆகும் என்ற கவலை நியாயமானதுதான். புதிய முறை வந்தபின் அவர் வேலை என்ன என்பதை அவருடைய மேலதிகாரியே வாய் திறந்து சொல்ல வேண்டும். உங்கள் கையில் இல்லாத வாக்குறுதியை நீங்கள் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கூட்டத்தில் ஒருவர் என் டீமைப் பார்த்துக் கத்துகிறார், "உங்களுக்கெல்லாம் மூளையே இல்லையா" என்கிற அளவுக்கு. பொறுத்துப்போவதுதான் புரொஃபஷனலா?

இல்லை. தேதி தவறிய கோபம் வேறு, இது வேறு. கோபம் என்றால் குறுக்கே பேசாமல் கேட்டு, குறையை எழுதிக்கொண்டு, பதில் தரும் தேதியைச் சொல்லலாம். ஆளை அவமானப்படுத்தினால் கூட்டத்தை நிறுத்துங்கள்: "இந்த விதத்தில் தொடர வேண்டாம், பிற்பகல் பேசுவோம்." எழுந்து வந்துவிடுங்கள். தேதி, சொன்ன வார்த்தை, யார் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே குறித்து வைத்து உங்கள் மேலாளருக்கும் மனிதவளத் துறைக்கும் கொண்டுபோங்கள். இதற்குப் பேச்சுவார்த்தை உத்தி எதுவும் நான் சொல்லித்தர மாட்டேன்.

கேள்வி: திட்டம் தாமதம். "இன்னும் ஐந்து பேரைத் தருகிறேன், தேதியை மாற்றாதே" என்கிறார் ஸ்பான்சர்.

தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் நிபுணர் ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். கணக்கையும் காட்டுங்கள்: ஐந்து பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேச வேண்டிய இணைப்புகள் 10. பத்துப் பேரானால் 45. போதாததற்குப் புதியவர்களுக்குச் சொல்லித்தரப் போவதும் ஏற்கெனவே திணறுகிற அதே பழைய ஆட்கள்தான். தனியாகப் பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலை ஏதாவது இருந்தால், உதாரணமாகப் பழைய தரவைச் சுத்தம் செய்வது, பயனர் கையேடு எழுதுவது, அதற்கு மட்டும் இரண்டு பேரைக் கேட்டு வாங்குங்கள். மிச்சத்துக்கு ஸ்கோப்பை (செய்வதாக ஒப்புக்கொண்ட வேலைகளை) குறைக்கும் பட்டியலோடு போங்கள்.

கேள்வி: எஸ்கலேட் செய்தால், அதாவது பிரச்சினையை மேலதிகாரியிடம் கொண்டுபோனால், போட்டுக்கொடுத்தது மாதிரி ஆகிவிடாதா?

பிரச்சினை யாரோடோ அவருக்குத் தெரியாமல் செய்தால் ஆகும். முதலில் அவரிடமே சொல்லுங்கள்: "இது நம் இருவர் மட்டத்தில் தீரவில்லை. சேர்ந்தே மேலே கொண்டுபோவோமா? உங்கள் பக்கத்தை நீங்களே எழுதுங்கள், என் பக்கத்தை நான் எழுதுகிறேன், ஒரே மெயிலில் அனுப்பலாம்." பலர் அந்த மெயிலை எழுத உட்காரும்போதே இறங்கி வந்துவிடுவார்கள். மறுத்தால், அவரையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள், அதிலும் ஆளைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். ரகசியப் பிரதி (பி.சி.சி.) மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள், என்றைக்காவது யாராவது 'ரிப்ளை ஆல்' அழுத்துவார்கள்.