ஓதத் தெரிந்தால் வாசிக்கத் தெரியுமா? கொழும்பு வாப்பா ஒருவருக்குப் பதில்

நானா, அஸ்ஸலாமு அலைக்கும். பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் நானா என்றே கூப்பிடுகிறேன்.

மகள் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அரபு மொழியில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். கொழும்பிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அரபு வாசிப்புத் திறன் கற்பிக்க, ஒரு வருட ஒப்பந்தத்தில் தற்காலிக விரிவுரையாளராகக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் மச்சான் கிராண்ட்பாஸில் இருக்கும் தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் இதைவிடக் கூடுதல் சம்பளத்துக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார். இதுவரை சரி. அதற்கு அப்புறம் நீங்கள் எழுதிய வரிதான் இந்த நீளமான பதிலுக்குக் காரணம்: "ஐந்து வயதுப் பிள்ளையே குர்ஆன் மத்ரஸாவில் அரபு வாசிக்குது. அதைக் கம்பஸில் சொல்லிக்கொடுக்கிறது ஒரு உத்தியோகமா?"

உத்தியோகம்தான், நானா. லேசான உத்தியோகமும் இல்லை.

மத்ரஸாப் பிள்ளைக்குக் கொடுக்கும் முஸ்ஹஃபில், அதாவது குர்ஆன் பிரதியில், எழுத்துகளுக்கு மேலும் கீழும் ஹரகத் என்ற உயிரொலிக் குறிகள் போட்டிருக்கும். எந்த எழுத்தை எப்படி ஒலிப்பது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பொருள் ஒன்றும் தெரியாமலே அழகாக ஓதி முடிக்கலாம். அதற்குரிய நன்மை வேறு விஷயம், அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் ரியாத் பத்திரிகை, குவைத் வேலை ஒப்பந்தம், கெய்ரோவில் அச்சான பாடநூல் எதை எடுத்தாலும் அந்தக் குறிகள் இருக்காது. அய்ன், லாம், மீம் என்று மூன்று எழுத்து மட்டும் நிற்கும். அது அறிவைக் குறிக்கும் 'இல்ம்' ஆகவும் இருக்கலாம், கொடியைக் குறிக்கும் 'அலம்' ஆகவும் இருக்கலாம், கற்பித்தான் என்ற 'அல்லம' ஆகவும் இருக்கலாம். வாக்கியம் எங்கே போகிறது என்று பிடித்தால்தான் வாயைத் திறக்க முடியும். நாம் தமிழில் கல், பகல், தங்கம் என்று ஒரே ககரத்தை இடம் பார்த்து மூன்று விதமாக ஒலிக்கிறோமே, அந்தச் சாமர்த்தியம் அங்கே ஏறத்தாழ ஒவ்வொரு சொல்லுக்கும் வேண்டும். அதுவும் இடத்தைப் பார்த்து மட்டும் முடியாது, பொருளைப் பார்த்து.

இப்போது மகள் நிற்கப் போகும் வகுப்பை யோசித்துப் பாருங்கள். முன் வரிசையில் அரபுக் கல்லூரியில் பல வருடம் நஹ்வு, ஸர்ஃபு என்ற அரபு இலக்கணம் படித்த மௌலவி இருப்பார். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் இஃராபை, அதாவது வாக்கியத்தில் அதன் இறுதி ஒலி எப்படி மாறும் என்பதைச் சொல்வார், ஆனால் செய்தித்தாளில் ஒரு பத்தி வாசிக்க அரை மணி நேரம் எடுப்பார். அவருக்குப் பக்கத்தில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சைக்கு அரபு எடுத்து, கடந்தகால வினாத்தாள்களை மனப்பாடம் செய்து வந்த பிள்ளை. பின்னால் அலிஃப், பா மட்டும் தெரிந்த ஒருவர். நன்றாக ஓதுகிறவர்தான் பல நேரம் தடுமாறுவார். கையில் பத்திரிகையைக் கொடுத்தாலும் அவருக்கு ராகம் வந்துவிடும், சொல்லின் கடைசி ஒலி வரைக்கும் உச்சரித்தால்தான் மனம் ஆறும். வாயின் வேகத்தைத் தாண்டிக் கண் போகாது. மௌனமாக வாசிக்கச் சொன்னால் உதடு அசையும். இந்த மூன்று வகைப் பிள்ளைகளையும் ஒரே அரையாண்டில் ஒரே திசைக்குத் திருப்புவதற்குத் தனியாகக் கற்பித்தல் பயிற்சி வேண்டும். பட்டம் மட்டும் அதைத் தந்துவிடாது என்பதை மகளிடமும் சொல்லுங்கள்.

அவருக்கு என் யோசனை, முதல் வாரத்தில் இலக்கியம் வேண்டாம். ரமழானில் பள்ளிவாசலில் பங்கிடும் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோகட்டும். எடை எங்கே, உற்பத்தித் திகதி எங்கே, காலாவதித் திகதி எங்கே என்று மட்டும் கேட்கட்டும். எழுத்து வலமிருந்து இடமாகப் போகையில் எண் மட்டும் இடமிருந்து வலமாகப் போவதை அந்தப் பெட்டியே காட்டிக்கொடுக்கும். அடுத்து வேலைவாய்ப்பு விளம்பரம், வானிலை, நாலு வரிச் செய்தி. ஹரகத்தை ஒரே நாளில் எடுத்துவிடக் கூடாது. முதலில் எல்லாச் சொல்லுக்கும் இருக்கட்டும், பிறகு குழப்பம் தரும் சொல்லுக்கு மட்டும், அதற்குப் பிறகு ஒன்றுமில்லாமல். வாசிப்பதற்கு முன்னாலேயே கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் வாசித்தால் மாணவர் திரும்பவும் ஓதத் தொடங்கிவிடுவார்.

வேர் பிடிப்பதும் இந்தப் பாடத்துக்குள்தான் வரும். நூலகத்துக்கு உரிய 'மக்தபா' என்ற சொல்லை வேர் வரிசையில் அமைந்த அகராதியில் மீமில் தேடினால் கிடைக்காது, காஃப், தா, பா என்ற வேரின் கீழ்தான் இருக்கும். ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்ற ஜெர்மன் அறிஞர் தொகுத்த அரபு அகராதி இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. வேரைப் பிரிக்கத் தெரியாதவருக்கு அகராதி பூட்டிய அலுமாரி. ஃபோனில் தட்டினால் வந்துவிடுமே என்பீர்கள். வரும். எப்போது தட்ட விடுவது, எப்போது தடுப்பது என்பதை மகள்தான் தீர்மானிக்க வேண்டும். என்னைக் கேட்டால், முதல் இரண்டு வாசிப்பு முடியும்வரை ஃபோன் பைக்குள் இருப்பது நல்லது.

கறுவாத்தோட்டத்தில் தேசிய நூதனசாலை இருக்கிறதல்லவா? அங்கே 1911இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டை வைத்திருக்கிறார்கள். 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்டது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் பயணத்தோடு தொடர்புடையது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு. பாரசீகப் பகுதி அரபு எழுத்தில் இருப்பதால் ஓதத் தெரிந்த பிள்ளை, தேய்ந்துபோகாத எழுத்துகளை அடையாளம் கண்டுவிடும். பொருள் மட்டும் வராது, மொழி வேறு. எழுத்தைக் கூட்டுவதும் வாசிப்பதும் ஒன்றா என்று உங்களுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், ஒரு நாள் மகளோடு அங்கே போய்ப் பாருங்கள்.

காலக் கணக்கையும் சொல்கிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்கு அரபை மிகக் கடினமான பிரிவில் வைத்து, வேலை செய்யுமளவுத் தேர்ச்சிக்கு 88 வாரம், சுமார் 2200 வகுப்பு மணி என்று கணக்கிடுகிறது. அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்கு, எழுத்தும் நூற்றுக்கணக்கான சொற்களும் முன்பே பழகிய நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு தேவைப்படாது. இருந்தாலும் ஓதத் தெரியும் என்பதால் வாசிப்பு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் கணக்கு நல்ல மருந்து.

சரி, வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். தற்காலிகப் பதவி தற்காலிகம்தான், ஒப்பந்தம் முடிந்தால் முடிந்ததுதான். நிரந்தரப் பாதையில் முதல் படி தகுதிகாண் விரிவுரையாளர் பதவி. அதற்குச் சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு பார்ப்பார்கள். உள்ளே போனபின் முதுமாணிப் பட்டமோ கலாநிதிப் பட்டமோ முடித்தால்தான் பதவி உறுதியாகும். மகளின் பெறுபேறு என்ன வகுப்பு என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்து என் பதில் பாதி மாறும். மேற்பிரிவு இருந்தால் தயங்காமல் இந்த ஒரு வருடத்தை எடுக்கச் சொல்வேன். இல்லையென்றால் இதை அனுபவமாக மட்டும் எடுத்துக்கொண்டு, பாடசாலை ஆசிரியர் சேவைக்கான போட்டிப் பரீட்சைக்கும் கூடவே தயாராக வேண்டும்.

முதுமாணியை அரபு இலக்கியத்தில் செய்வதைவிட, அரபு பேசாதவர்களுக்கு அரபு கற்பிக்கும் துறையில் செய்யச் சொல்லுங்கள். மலேசியாவின் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம், ரியாதின் மன்னர் ஸஊத் பல்கலைக்கழகம் இரண்டையும் பார்க்கட்டும். முன்பு நம் பிள்ளைகள் சூடானின் கார்ட்டூமுக்கும் போனார்கள். 2023 ஏப்ரலில் அங்கே போர் தொடங்கியபின் அந்த வழியைக் கணக்கில் சேர்க்க முடியாது. மகளை வெளிநாடு அனுப்புவதைப் பற்றி வீட்டில் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும், கல்யாணப் பேச்சும் நடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஆலோசகர் தலையிடுவது சரியில்லை. வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாரிடம் படிப்புத் திட்டத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது மட்டும் நல்லது.

மச்சானின் கம்பனி விஷயம். அதை நான் மட்டமாக நினைக்கவில்லை. இலங்கைத் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளில் ஈராக் முன்வரிசையில் இருக்கிறது. அங்கிருந்து வரும் கடிதத்தில் ஜனவரி மாதம் 'கானூன் அஸ்ஸானி' என்று இருக்கும், எகிப்தில் அதையே 'யனாயிர்' என்பார்கள். இது தெரியாத குமாஸ்தா ஏற்றுமதித் திகதியையே பிழையாகப் போட்டுவிடுவார். ஆகவே மகளின் வாசிப்புக்கு அங்கேயும் மதிப்பு உண்டு. ஆனால் அவரை அரபுக் கடிதங்களைக் கையாள எடுக்கிறார்களா, அல்லது பில் அடிக்க எடுக்கிறார்களா என்று மச்சானிடம் நேராகக் கேளுங்கள். பில் அடிக்க என்றால், இரண்டு வருடத்தில் அவரின் அரபு துருப்பிடித்துவிடும். கம்பனி இடம் அடுத்த வருடமும் கிடைக்கலாம். விரிவுரையாளர் நேர்முகத் தேர்வில் காட்டக்கூடிய கற்பித்தல் அனுபவம் கடையில் வாங்கும் சாமான் இல்லை.

கையெழுத்துப் போடுமுன் மகள் பல்கலைக்கழகத்தில் சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஒரு குழுவில் எத்தனை பேர், பாடப்பகுதியைத் தானே தெரிவு செய்யலாமா, அல்லது பழைய கைநூலைத்தான் நடத்த வேண்டுமா? ஒப்பந்த காலத்தில் வெளியே பகுதிநேர மொழிபெயர்ப்புக்கு அனுமதி உண்டா? மொழிபெயர்ப்புக்கு அனுமதி கிடைத்தால் சம்பளக் குறையில் ஒரு பகுதியை மச்சானின் கடிதங்களாலேயே ஈடுகட்டலாம். அவருக்கும் ஆள் தேடும் கஷ்டம் குறையும்.

பதில் எழுதும்போது மகளின் பெறுபேற்று விபரத்தையும் அனுப்புங்கள். கூடவே அவர் தெரிவு செய்த அரபுச் செய்தி ஒன்று, அதற்கு அவர் தயாரித்த ஐந்து கேள்விகள், இரண்டையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அல்ஜஸீரா அரபு கற்பவர்களுக்கென்றே தளம் வைத்திருக்கிறது, அங்கே தேடலாம். கேள்விகளைப் பார்த்தால் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று எனக்கு விளங்கும்.