மைக் வாங்கினால் போதுமா?

கேள்வி: அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 13 வயதில், படுக்கையறையில் பதிவு செய்த ஒரே பாட்டை இணையத்தில் ஏற்றி ஒரே ராத்திரியில் உலகப் புகழ் பெற்றாராமே! என் மகளும் நன்றாகப் பாடுவாள். நல்ல மைக் வாங்கிக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த ராத்திரி விடியக் கிட்டத்தட்ட நாலு வருஷம் ஆயிற்று, அம்மா. நீங்கள் சொல்லும் அந்தப் பாட்டு 'ஓஷன் ஐஸ்', பாட்டுகளை ஏற்றும் இணையதளமான சவுண்ட்கிளவுடில் ஏறியது 2015 நவம்பரில். அவருடைய 'பேட் கை' பாட்டு, அமெரிக்காவின் பிரபலப் பாடல் வரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது 2019 ஆகஸ்டில். இடையில் 2016இல் கம்பெனி ஒப்பந்தம், 2017இல் ஒரு குறும் ஆல்பம். முழு ஆல்பமே 2019 மார்ச்சில்தான் வந்தது. 2020 கிராமி இசை விருதுகளில் நாலு பெரிய விருதுகளையும் 18 வயதில் அள்ளியது அதற்குப் பிறகு.

முதல் பாட்டும் புகழுக்காக ஏற்றப்பட்டதல்ல. நடன ஆசிரியர் கேட்பதற்காக. எழுதியவர் அண்ணன் ஃபினியஸ், அதுவும் தன் இசைக்குழுவுக்காக. பில்லியோ எட்டு வயதிலிருந்தே லாஸ் ஏஞ்சலஸ் சிறுவர் பாடகர் குழுவில் பயின்றவர். அந்த 2019 ஆல்பத்தை 'படுக்கையறை ஆல்பம்' என்று எல்லோரும் சிலாகிக்கிறார்களே, அதன் மிக்ஸிங்கை (குரலையும் இசையையும் அளவாகக் கலப்பது) ராப் கினெல்ஸ்கியும் மாஸ்டரிங்கை (வெளியிடுமுன் கடைசி மெருகு) ஜான் கிரீன்ஹாமும் செய்தார்கள். இருவரும் தொழில்முறைக் கைகள். இதை யாரும் ரீல்ஸில் சொல்வதில்லை!

இனி மைக். ஸ்டூடியோக்களில் வைக்கும் கண்டென்சர் மைக்கை மட்டும் வாங்கி வந்தால் சத்தமே வராது. மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுத்து அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியும் வேண்டும். கம்ப்யூட்டரில் நேரே செருகும் யுஎஸ்பி மைக் என்றால் அது தேவையில்லை. பில்லி பாணியில் கிசுகிசுப்பாகப் பாட வாய்க்கும் மைக்குக்கும் அரைச் சாண் தூரம் போதும். ஆனால் அவ்வளவு நெருங்கினால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று மோதி 'டப்' என்று அடிக்கும். நடுவில் பாப் ஃபில்டர் என்ற வலைத் தடுப்பை வையுங்கள். கிட்டப் போகப் போகக் குரலில் அடித்தொனியும் வீங்கும். பதிவு மென்பொருளில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டிவிடுங்கள். மெல்லிய குரலை கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது) தூக்கும்போது ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாம் சேர்ந்தே மேலே வரும். பல முறை பாடவைத்து நல்ல வரிகளை ஒட்டும்போது மூச்சை நடுவில் நறுக்கினால் ஒட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி நம் வீட்டு டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும். பதிவில் ஏறிவிட்ட எதிரொலியைப் பின்னால் சுத்தமாக எடுக்க முடியாது. ஃபேனை அணைத்துவிட்டு முதலில் செல்போனிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்து கேளுங்கள். கிணற்றுக்குள் பாடியதுபோல் இருந்தால் மைக்குக்கு ஒதுக்கிய காசில் கனமான ஜமுக்காளம் நாலு வாங்கிச் சுவரில் தொங்கவிடுங்கள்.