சைக்கிள் பயணத்தில் ராத்தங்கல்: கேள்வி-பதில்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமேஸ்வரம் போகிறோம். கடைசி ராத்திரி தனுஷ்கோடி மணலில் டென்ட் போடலாமா?
– வாசகர், விழுப்புரம்

முடியாது. இருட்டுவதற்குள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ராமேஸ்வரத்திலேயே தங்குங்கள்.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்த டென்டை ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பரங்கிப்பேட்டை அருகே ஒரே மழை, உள்ளே குளம். “யூஸ் பண்ணிட்டீங்க, திருப்பி எடுக்க மாட்டோம்” என்கிறார் விற்றவர்.
– வாசகி, கடலூர்

மழையில் நனையாமல் இந்தக் குறை எப்படித் தெரியும்? அவர் சொல்வது பதிலே இல்லை. விற்பவர் சொன்ன தரம் பொருளில் இல்லாவிட்டால் அதுவும் குறைபாடுதான் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விளம்பரப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் புகாரைப் போட்டுவிட வேண்டும்.

இந்த ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்மீது எனக்குப் பல வருடக் கோபம். அதை மட்டும் நம்பி வாங்கிய டென்டில், வேதாரண்யத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஈரப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துணி எத்தனை மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்கும் என்ற எண்தான் கணக்கு. மேல்துணிக்கு 1,500-க்குக் குறையக் கூடாது, தரைக்கு 3,000 இருந்தால் நல்லது. எண் போடாத டென்டை வாங்காதீர்கள். எண் இருந்தாலும் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஊசி போன ஓட்டை வழியாகத்தான் முதலில் ஒழுகும். ஒற்றைத் துணி டென்ட் நம் கடற்கரைப் புழுக்கத்துக்கு ஆகவே ஆகாது. நாம் விடும் மூச்சே துணியில் நீராகப் படிந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும்.

ஏலகிரியில் ‘கேம்ப் சைட்’ என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்கள். 2,400 ரூபாய் முன்பணம் கட்டினேன். மேலே போனால் அப்படி ஓர் இடமே இல்லை. போன் அணைந்துவிட்டது.
– வாசகர், ஆம்பூர்

14 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்து ஏறியவரை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். மனசு கொதிக்கிறது. இதைப் படிக்கும்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் சொன்னால் முடக்க வழியுண்டு. பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணும் வாட்ஸ்அப் உரையாடலும் அழியாமல் இருக்கட்டும்.

ஐந்து பேர் சத்தியமங்கலம் வழியாக மைசூர் போகிறோம். தங்க இடம் பார்க்கவில்லை, காட்டோரம் எங்காவது படுத்துக்கொள்வோம். எந்த டென்ட் வாங்கலாம்?
– வாசகர், ஈரோடு

எதுவும் வாங்க வேண்டாம். அது புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் காட்டில் தங்குவது குற்றம், போதாததற்கு அது யானை நடக்கிற வழி. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததற்குப் பிறகுமா இப்படிக் கேட்கிறீர்கள்? சத்தியமங்கலத்தில் அறை எடுங்கள். காலை வெளிச்சத்தில் திம்பம் ஏறி, பொழுது சாயுமுன் சாம்ராஜ்நகர் சேருங்கள்.

தெரியாத ஊரில் டென்ட் போட யாரிடம் கேட்பது?
– வாசகி, தஞ்சாவூர்

நாலு மணிக்கே கேட்க ஆரம்பியுங்கள். இருட்டிய பிறகு வந்து நிற்பவரைக் கண்டால் யாருக்கும் பயம்தான். ராத்திரியும் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க் நல்லது: வெளிச்சம், கழிப்பறை, ஆள் நடமாட்டம் மூன்றும் உண்டு. மேனேஜரிடம் கேட்டு, லாரி திரும்பாத மூலையாகப் பாருங்கள். ராத்திரி ஷிஃப்ட் மாறும்போது, வருகிற ஆளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள்.