அக்காவைக் கேளுங்கள்: ஹானா மொன்டானா பார்த்தால் சிரிப்பே வரவில்லையே!

சின்ன வயதில் விழுந்து விழுந்து பார்த்த டிவி காமெடிகளை இப்போது மறுபடி பார்த்தால் எப்படி இருக்கிறது என்று போன இதழில் கேட்டிருந்தேன். டிஸ்னி சேனல் பார்த்து வளர்ந்த கூட்டம் மொத்தமாகக் கிளம்பி வந்துவிட்டது. அதனால் இந்த இதழ் முழுக்க ஹானா மொன்டானாதான், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, ஸ்கூல் விட்டு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நானும் தங்கையும் ஹானா மொன்டானா முன்னால் உட்கார்ந்துவிடுவோம். மைலி ஒரு சாதாரணப் பள்ளிக்கூடப் பெண், பொன்னிற விக் வைத்தால் பெரிய பாப் பாடகி ஹானா, அது வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான் கதை. அப்போது வயிறு வலிக்கச் சிரித்தோம். போன வாரம் முதல் சீசனைப் போட்டேன், சிரிப்பே வரவில்லை. பின்னாலிருந்து வருகிற சிரிப்புச் சத்தம் வேறு எரிச்சல். நான் மாறிவிட்டேனா, இல்லை அது எப்போதுமே இப்படித்தானா?
— வாசகி, திருச்சி

பதில்: அது எப்போதுமே இப்படித்தான். 2006 மார்ச்சில் தொடங்கி 2011 ஜனவரியில் முடிந்த தொடர், மொத்தம் 98 எபிசோடுகள், அதில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அச்சுதான்: ரகசியம் வெளியே வரப் பார்க்கும், மைலி ஒரு பொய் சொல்வாள், அதைக் காப்பாற்ற இன்னொரு பொய், நடுவில் யாராவது எதன் மேலாவது தொபுக்கடீர் என்று விழுவார்கள், கடைசியில் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மறு ஒளிபரப்பு போட்டாலும் எந்தக் குழந்தை எங்கிருந்து பார்த்தாலும் புரிய வேண்டும் என்று எழுதியது அது. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் பத்து வயதில் சந்தோஷம், ஜோக் வருவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவோம். முப்பது வயதில் அதே காரணத்தால் கொட்டாவி வருகிறது.

ஆனால் நிறுத்திவிடாதீர்கள், இந்தத் தடவை அப்பாவைப் பாருங்கள். அந்த வயதில் ராபி ரே நமக்கு அசட்டு ஜோக் அடிக்கிற, எப்போது பார்த்தாலும் தலைமுடியைக் கோதிக்கொண்டிருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். இப்போது பார்த்தால் மனைவியை இழந்தவர், தான் பாடிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுப் பிள்ளைகளை வளர்க்கிறவர், மகளுக்குப் பாட்டெழுதி, மேனேஜர் வேலையும் பார்த்து, ராத்திரி சமையலும் செய்கிறவர். இரண்டாவது சீசனில் மைலிக்குத் தொண்டையில் பிரச்சினை வந்து, ஆபரேஷன், இனி பாட முடியுமா என்று பயம், அப்போது இறந்துபோன அம்மா கனவில் வருவார் (புரூக் ஷீல்ட்ஸ் நடித்தது). பத்து வயதில் இந்த எபிசோடில் காமெடி கம்மி என்று நினைத்திருப்பீர்கள். இப்போது போட்டுப் பாருங்கள்.

கேள்வி: வெறும் ஒரு விக்! கூடப் படிக்கிறவர்களுக்குக்கூட அடையாளம் தெரியாதாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது?
— வாசகர், மதுரை

பதில்: கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு எம்ஜிஆர் வில்லன் கோட்டைக்குள்ளேயே போய்வந்ததைக் கைதட்டிப் பார்த்த ஊர் சார் நம்முடையது.

கேள்வி: மைலியின் அண்ணன் ஜாக்சனாக வருகிறவர் முகத்தைப் பெரிய டிவியில் பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் மாதிரியே இல்லையே அக்கா? எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதா?
— வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கண்ணில் கோளாறில்லை. ஜேசன் ஏர்ல்ஸ் பிறந்தது 1977 ஏப்ரலில். தொடர் தொடங்கியபோது 29 வயது ஆகப்போகிறது, கதையில் அவருக்கு 16. தங்கையாக நடித்த மைலி சைரஸுக்கு அப்போது உண்மையிலேயே 13. இதைவிட வேடிக்கை, அப்பாவாக வருகிற பில்லி ரே சைரஸ் 1961ல் பிறந்தவர், ஆக அந்த ‘அப்பா’வுக்கும் ‘மகனு’க்கும் நடுவில் 16 வயதுகூட வித்தியாசமில்லை.

அமெரிக்க டிவியில் இது வழக்கம்தான். சிறுவர்களை வைத்துப் படம்பிடித்தால் கலிபோர்னியா சட்டப்படி ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை, அதோடு படப்பிடிப்புத் தளத்திலேயே பாடமும் நடத்த வேண்டும். குள்ளமாக, சின்ன முகமாக இருக்கிற பெரியவர் ஒருவர் கிடைத்தால் தயாரிப்பாளருக்குப் பாதித் தலைவலி குறையும். விழுகிற, உருளுகிற காமெடியெல்லாம் ஏன் ஜாக்சன் தலையிலேயே வந்து விடிந்தது என்று யோசித்தால், அனுபவமுள்ள நடிகர் அவர், அதை அநாயாசமாகச் செய்தார் என்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. மறுபடி பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்த இடங்கள் எல்லாமே அவருடையவைதான்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு இதைக் காட்டலாமா? எபிசோடுக்கு எபிசோடு அப்பாவிடம் பொய், ஆட்களின் உருவத்தை வைத்துக் கிண்டல். நாங்கள் பார்த்தபோது எங்கள் வீட்டில் யாரும் எதுவும் சொன்னதில்லை.
— வாசகர், சேலம்

பதில்: நம் வீடுகளில் யாரும் சொல்லாததற்குக் காரணம் அவர்கள் பார்க்கவே இல்லை என்பதுதான், கார்ட்டூன் மாதிரி ஏதோ ஓடுகிறது என்று விட்டுவிட்டார்கள். காட்டலாம், ஆனால் கூட உட்காருங்கள்.

பொய்யைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதில் பொய் சொன்னவள் மாட்டாமல் தப்பிப்பது அபூர்வம். உருவக் கிண்டல் வேறு கதை, அது வருகிற இடத்தில் சிரிப்பொலி கூடவே வருவதால் குழந்தை ‘இது சிரிக்க வேண்டிய விஷயம்’ என்று எடுத்துக்கொள்ளும். அங்கே நீங்கள் சிரிக்காமல் இருந்தாலே அவள் கவனிப்பாள்.

இன்னொன்றும் சொல்கிறேன். மைலியின் நண்பன் ஆலிவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவருகிற மாதிரி ஒரு எபிசோடு எடுத்தார்கள். நண்பர்கள் அவனை இனிப்புப் பக்கமே போகவிடாமல் காவல் காக்கிறார்கள். 2008ல் ஒளிபரப்பாவதற்கு முன்பே அதைப் பார்த்த, சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கொதித்துவிட்டார்கள். இன்சுலின் போடுகிற குழந்தைக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கினால் உடனே இனிப்புதான் கொடுக்க வேண்டும், இதைப் பார்த்துவிட்டுக் கூடப் படிக்கிற பிள்ளைகள் கையிலிருக்கிற சாக்லேட்டைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். டிஸ்னி அமெரிக்காவில் அந்த எபிசோடை நிறுத்திவைத்து, கதையை மாற்றி எழுதி, 2009ல் வேறு பெயரில் போட்டது. குழந்தைகள் நிகழ்ச்சிதானே என்று விடாமல் உட்கார்ந்து பார்த்த பெற்றோர்கள் அங்கே இருந்தார்கள். சர்க்கரை என்றாலே இனிப்பைப் பூட்டிவைக்கிற நம் வீடுகளுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

கேள்வி: அந்த மைலி சைரஸ் பிற்பாடு எப்படியெப்படியோ மேடையில் ஆடியதைப் பார்த்த பிறகு என்னால் ஹானாவை ரசிக்க முடியவில்லை.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: நீங்கள் சொல்வது 2013 எம்டிவி விருது விழா என்று நினைக்கிறேன். அப்போது அவருக்கு 20 வயது. எனக்கு உறுத்துவது வேறு. ஹானா தொடருக்காக முதலில் போனபோது அவர் நாயகியின் தோழி வேடத்துக்குத்தான் முயன்றார், நாயகிக்கு ரொம்பச் சின்னப் பெண் என்றும் சொன்னார்கள். அப்புறம் அவரையே நாயகியாக்கி, குளோயி என்று வைத்திருந்த கதாபாத்திரத்துக்கு அவர் பெயரையே வைத்து, சொந்த அப்பாவையே அப்பாவாக நடிக்கவைத்தார்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு வீடு எது, வேலை எது என்று எப்படிப் பிரித்துத் தெரியும்? இந்தத் தொடர் எங்கள் குடும்பத்தையே அழித்துவிட்டது என்று பில்லி ரேயே 2011ல் ஒரு பேட்டியில் சொன்னார். தன்னை வேறொருத்தியாக அலங்கரித்து நிற்கவைத்தது தன் உடலைப் பற்றிய எண்ணத்தையே கெடுத்தது என்ற மாதிரி மைலியும் பின்னாளில் பேசியிருக்கிறார்.

ஆகவே எனக்கு அந்த ஆட்டம் ஆச்சரியமே இல்லை. அவர் ஹானாவை வெறுத்துவிட்டாரா என்றால் அதுவும் இல்லை, 2021ல் தொடருக்குப் பதினைந்து ஆண்டு ஆனபோது ஹானாவுக்கே கைப்பட ஒரு கடிதம் எழுதி வெளியிட்டார். 2024 பிப்ரவரியில் கிராமி இசை விருது வாங்கினார், அதே ஆண்டு ஆகஸ்டில் டிஸ்னி லெஜண்ட் விருதும், அதை வாங்கியவர்களிலேயே வயதில் குறைந்தவர் அவர்தான். அவரே சமாதானமாகிவிட்டார், நீங்கள் ஏன் கோபமாக இருக்கிறீர்கள்?

கேள்வி: அக்கா, நாங்கள் இங்கே கனடாவில் ஃபேமிலி சேனலில் பார்த்து வளர்ந்தவர்கள். இன்னொரு பழைய டிஸ்னி தொடரின் நாயகி லிசி மெக்குவயர் வளர்ந்த பெண்ணாகத் திரும்ப வருகிறாள் என்று 2019ல் சொன்னார்கள், நானும் தம்பியும் காத்திருந்ததுதான் மிச்சம். என்ன நடந்தது? பழையதைப் பார்ப்பதைவிட இப்படிப் புதிதாக எடுப்பது நல்லதில்லையா?
— வாசகி, ஸ்கார்பரோ, டொரொண்டோ

பதில்: இரண்டு எபிசோடு எடுத்தார்கள், 2020 ஜனவரியில் தொடரை உருவாக்கிய டெர்ரி மின்ஸ்கி விலகினார், அந்த ஆண்டு டிசம்பரில் கைவிட்டாயிற்று. முப்பது வயதுப் பெண் முப்பது வயதுப் பெண் மாதிரியே வாழ வேண்டும் என்று லிசியாக நடித்த ஹிலரி டஃப் நின்றார். குடும்பத்தோடு பார்க்கிற டிஸ்னியில் அதற்கு இடமில்லை. அதே காலத்து இன்னொரு டிஸ்னி தொடரின் நாயகி ரேவன் மட்டும் தப்பித்தாள். 2017ல் வந்த புதுத் தொடரில் அவளை விவாகரத்தான, இரட்டைப் பிள்ளைகளுக்கு அம்மாவாக ஆக்கிவிட்டார்கள், பிள்ளைகளுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் பார்க்க ஏதோ இருந்தது, 2023 வரை ஓடியது. ஆனாலும் தம்பியிடம் சொல்லுங்கள், எனக்குப் பழசுதான் பிடித்திருக்கிறது. வளர்ந்த லிசி எப்படி இருப்பாள் என்று அறுபத்தைந்து எபிசோடையும் பார்த்த உங்களுக்கே தெரியும், அதற்கு ஹாலிவுட் எதற்கு?