லேண்ட்லைனை விற்றுவிட்டார்கள், யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மலைப்பகுதிச் சிற்றூரில் 16 வருடங்களாக இருக்கிறோம். வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. தபால் பெட்டி வரை நடந்து போனால்தான் ஒரு கோடு தெரியும். என் அம்மாவுக்கு 78 வயது, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. கழுத்தில் அவர் மாட்டியிருக்கும் அவசர பட்டன் லேண்ட்லைன் வழியாகத்தான் வேலை செய்கிறது. சில மாதங்களுக்கு முன் எங்கள் டெலிபோன் கம்பெனி இந்தப் பகுதி நெட்வொர்க் முழுவதையும் இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது. அதிலிருந்து ஒரே மாதத்துக்கு இரண்டு பேரும் பில் அனுப்புகிறார்கள். பழைய கம்பெனி ஆட்டோ பேயில் பணமும் எடுத்துக்கொண்டது. போனும் இன்டர்நெட்டும் சேர்ந்த பிளானில் இரண்டு வருடம் விலை ஏறாது என்றார்கள், புதியவர்கள் 14 டாலர் ஏற்றிவிட்டார்கள். மழை பெய்தால் லைன் இரைகிறது. போன மாதம் 9 நாள் செத்துக் கிடந்தது. விலகினால் 200 டாலர் கட்டு என்கிறார்கள். பழைய நம்பர் போய்விடுமோ என்று பயம். புதுக் கம்பெனி திவாலாகிவிடும் என்றும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: கேட்பதற்கு இடம் இருக்கிறது. அதற்கு முன் அம்மாவின் லைனைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெரும்பாலான வீடுகளில் வெளிச்சுவரில், கரண்ட் மீட்டர் பக்கத்தில், சாம்பல் நிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். கம்பெனியின் கம்பி முடிந்து உங்கள் வீட்டு வயர் தொடங்குகிற இடம் அது. வாடிக்கையாளர் பக்கத்து மூடியை ஸ்க்ரூடிரைவரால் திறந்தால் உள்ளே ஒரு சின்ன ஜாக் தெரியும். மழை விட்டு, லைன் இன்னும் இரைந்துகொண்டிருக்கும்போதே, வயர் வைத்த சாதாரண போன் ஒன்றைக் கொண்டுபோய் அந்த ஜாக்கில் செருகிக் கேளுங்கள். இடி மின்னல் இருக்கும்போது வேண்டாம். அங்கேயும் இரைச்சல் கேட்டால் கோளாறு கம்பெனியின் கம்பியில். அதைச் சரிசெய்வது அவர்கள் வேலை, அவர்கள் செலவு. அங்கே சுத்தமாகக் கேட்டால் கோளாறு வீட்டுக்குள், செலவு உங்களுடையது. கஸ்டமர் கேரில் "உங்க வீட்டு வயரிங்ல பிரச்சினை" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள். அதற்கு உங்கள் கையில் இருக்க வேண்டிய பதில் இதுதான். செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

அப்புறம், அம்மாவின் டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: பேஸ்மேக்கர், அவசர பட்டன், வீட்டில் சிக்னல் இல்லை, லைன் உயிர்க்காவலுக்குத் தேவை. இப்படிப்பட்ட வீடுகளின் பழுதை முன்னதாகப் பார்க்க வேண்டும் அல்லது லைனைத் துண்டிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கும் மாநிலங்கள் உண்டு. உங்கள் மாநிலத்தில் விதி எப்படி இருந்தாலும், அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு 9 நாள் தாமதம் செய்யக் கம்பெனி யோசிக்கும். போன மாதம் லைன் இறந்திருந்த 9 நாளுக்கான கட்டணத்தைக் கழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

சரி, இரட்டை பில்லுக்கு வருவோம். நெட்வொர்க் கைமாறும்போது கம்பியும் கம்பமும் இருந்த இடத்தில்தான் இருக்கும். இடம் மாறுவது கணக்கு. விற்றவரின் கம்ப்யூட்டரில் இருக்கும் லட்சக்கணக்கான பெயர், முகவரி, பிளான், பாக்கி எல்லாம் வாங்கியவரின் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். இந்த விற்பனைகளில் அதிகம் சொதப்புவது அந்த இடம்தான். எனவே முதலில் கைமாறிய தேதி என்ன என்று பாருங்கள். லைன்களைப் பெறும் கம்பெனி குறைந்தது 30 நாள் முன்னதாக உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது எஃப்.சி.சி., அதாவது மத்திய தகவல்தொடர்பு ஆணையத்தின் விதி. மாறும் தேதி, கட்டணம், நிபந்தனைகள், வேறு கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உங்கள் உரிமை எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். கம்பெனியையே பங்குகளோடு வாங்கியிருந்தால் இந்தக் கடிதம் வராமல் போகலாம், ஆனால் உங்களுக்குப் பில் அனுப்பும் பெயரே மாறியிருக்கிறது, ஆகவே வந்திருக்க வேண்டும். விளம்பரம் என்று நினைத்துப் பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். தேடி எடுங்கள், உறையோடு.

அந்தத் தேதிக்கு முந்தைய நாட்கள் பழையவருக்கு, பிந்தைய நாட்கள் புதியவருக்கு. ஒரே நாளுக்கு இரண்டு பேரிடமும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆட்டோ பேயை நிறுத்த கம்பெனியைக் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள், நேராக பேங்குக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை பணம் எடுக்கும் நாளுக்கு 3 வேலை நாள் முன்னால் சொன்னால் பேங்க் நிறுத்தியாக வேண்டும். தவறாகப் போன தொகையை, அது காட்டப்பட்ட ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் எதிர்த்து எழுத வேண்டும். கிரெடிட் கார்டு என்றாலும் 60 நாள்தான் கணக்கு. இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். பழைய கம்பெனி பாக்கியை வசூல் ஏஜென்சிக்குத் தள்ளினால், ஏஜென்சியின் அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் "இது என் கடன் அல்ல, ஆதாரம் காட்டுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். ஆதாரம் அனுப்பும்வரை அவர்கள் வசூலைத் தொடர முடியாது. போனில் சொல்வது இதில் செல்லாது.

இனி விலை உறுதி. உங்கள் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டவர் அதன் லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடமையை விட்டுவிட முடியாது, இது பொதுவான ஒப்பந்தச் சட்டம். ஆனால் சிறு எழுத்தில் "முன்னறிவிப்புடன் விலையை மாற்றலாம்" என்று ஒரு வரி இருக்கக்கூடும். அப்படி ஒன்று இருந்து வழி அடைபட்டதாகத் தோன்றினாலும், நீங்கள் தேட வேண்டிய இன்னொரு காகிதம் இருக்கிறது. உங்கள் முழுக் கேள்விக்கும் சாவி அதுதான் என்று நினைக்கிறேன்.

டெலிபோன் நெட்வொர்க்கை வீடு விற்பதுபோல் விற்க முடியாது. 1934-ம் ஆண்டு தகவல்தொடர்புச் சட்டத்தின் 214-ம் பிரிவின்படி எஃப்.சி.சி. அனுமதி வேண்டும். பல மாநிலங்களில், போன், கரண்ட் போன்ற சேவைகளை மேற்பார்க்கும் பப்ளிக் யுட்டிலிட்டீஸ் கமிஷனின் அனுமதியும் வேண்டும். அந்தக் கமிஷன் அனுமதி கொடுக்கும்போது பெரும்பாலும் நிபந்தனை போடும்: இத்தனை காலம் கட்டணத்தை ஏற்றாதே, பழுதை இத்தனை மணி நேரத்தில் பார், இத்தனை வீட்டுக்கு பிராட்பேண்ட் கொடு, இருக்கும் ஒப்பந்தங்களை மதித்து நட. ஊர் மக்கள் பெரும்பாலும் பார்த்தே இராத இந்த ஆணை, புதுக் கம்பெனியின் கையைக் கட்டியிருக்கிறது. கமிஷனின் இணையதளத்தில் டாக்கெட் எண்ணை, அதாவது அந்த விற்பனைக்கான கோப்பு எண்ணைப் போட்டால் இலவசமாகப் படிக்கலாம். இரண்டு கம்பெனிகளின் பெயரையும் சொல்லிக் கேட்டால் நுகர்வோர் பிரிவிலேயே டாக்கெட் எண்ணைச் சொல்வார்கள்.

நிபந்தனை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மேய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களைப் பாருங்கள். அங்கிருந்த லேண்ட்லைன்களை விற்பதாக வெரைசான் என்ற பெரிய டெலிபோன் கம்பெனி 2007 ஜனவரியில் அறிவித்தது. வாங்க வந்தது நார்த் கரோலினாவின் சார்லட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபேர்பாயின்ட். அறிவித்த மதிப்பு சுமார் 270 கோடி டாலர். வாங்கும் கம்பெனி, தான் வாங்கும் சொத்தைவிடப் பல மடங்கு சிறியது. அது தற்செயல் இல்லை. விற்பவர் வரி கட்டாமல் இப்படி விற்க வேண்டுமானால், இணைந்த கம்பெனியில் விற்பவரின் பங்குதாரர்கள் பாதிக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்று வரிச் சட்டம் கேட்கிறது. அதனால் வாங்குபவர் சிறியவராகத்தான் இருக்க முடியும், கடனும் அவர் தலையில்தான் ஏறும். தொழிற்சங்கங்கள் அப்போதே எச்சரித்தன. 2008 மார்ச் 31 அன்று விற்பனை முடிந்தது. 2009 ஜனவரி வரை வெரைசானின் கம்ப்யூட்டர்களே வேலையைப் பார்த்துக்கொடுத்தன. ஃபேர்பாயின்ட் சொந்த சிஸ்டத்துக்கு மாறியதும் பில் தப்பாக வந்தது, புது இணைப்புகள் தேங்கின, கால் சென்டரில் ஆள் கிடைக்கவில்லை. அக்டோபரில் திவால் மனு போட்டார்கள். அதற்கு முன் ஹவாயிலும் இதே கதைதான். 2005-ல் வெரைசான் அங்கிருந்த நெட்வொர்க்கை கார்லைல் குழுமம் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது, 2008 டிசம்பரில் அந்த ஹவாய் டெலிபோன் கம்பெனி திவாலுக்குப் போனது. கிராமத்து லைன் என்பது பெரிய கம்பெனிக்குக் கழித்துக் கட்ட வேண்டிய சுமை, உங்கள் அம்மாவுக்கு அதுதான் ஆம்புலன்ஸ். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரே ஆள் கமிஷன். அதனால்தான் அந்த ஆணையைப் படியுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். மாநிலக் கமிஷனின் அதிகாரம் பெரும்பாலும் போன் லைனோடு நின்றுவிடும். ஆணையில் பிராட்பேண்ட் நிபந்தனை இல்லையென்றால், இன்டர்நெட் பற்றிய புகாரை எஃப்.சி.சி.க்கும், மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்கும் அனுப்ப வேண்டும். எஃப்.சி.சி.யில் சாதாரணப் புகாருக்குக் கட்டணம் இல்லை. கம்பெனி 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். "ஒருத்தி எழுதி என்ன ஆகப்போகிறது" என்று நினைக்க வேண்டாம். வெஸ்ட் வர்ஜீனியாவில் 2010-ல் வெரைசானிடமிருந்து லைன்களை வாங்கிய ஃபிரான்டியர் மீது, சொன்ன வேகம் வரவில்லை என்று வாடிக்கையாளர்கள் அட்டர்னி ஜெனரலுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2015 டிசம்பரில் ஏற்பட்ட சமரசத்தில் 15 கோடி டாலரை நெட்வொர்க்கில் முதலீடு செய்யவும், மெதுவான இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு மாதக் கட்டணத்தை 9.99 டாலராகக் குறைக்கவும் கம்பெனி ஒப்புக்கொண்டது.

பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் நடந்த கமிஷன் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு பால் பண்ணைக்காரர் சுவரில் மாட்டும் காலண்டரைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். லைன் செத்த நாளெல்லாம் சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில் புகார் எண். வக்கீல்கள் கட்டிக்கொண்டு போன ஃபைல்களைவிட அந்தக் காலண்டரைத்தான் கமிஷனர்கள் அதிக நேரம் புரட்டினார்கள். நீங்களும் இன்றே ஒன்று தொடங்குங்கள். தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண், இவை போதும்.

விலகுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்பர் உங்களோடு வரும். அதே பகுதியில் நீங்கள் இருக்கும்வரை, பாக்கி இருக்கிறது என்று காரணம் காட்டிக்கூடக் கம்பெனி நம்பரைப் பிடித்து வைக்க முடியாது. ஆனால் பழைய இணைப்பை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். புதியவரிடம் விண்ணப்பம் கொடுத்து, நம்பர் மாறி வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் பழையது முடிய வேண்டும். முதலில் ரத்து செய்துவிட்டு நம்பரை இழந்தவர்கள் நிறைய பேர். 200 டாலரைப் பொறுத்தவரை, "விலை உறுதியை மீறியது நீங்கள், ஆகவே இந்த அபராதம் செல்லாது" என்று எழுத்தில் மறுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் வழக்கை நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்ற ஷரத்து இருக்கலாம். அப்படி இருந்தாலும் சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளைம்ஸ் கோர்ட்டுக்குப் பெரும்பாலும் வழி விட்டிருப்பார்கள். இந்தத் தொகைக்கு வக்கீல் தேவையில்லை, நீங்களே போகலாம்.

திவால் பயத்துக்கும் ஒரு வார்த்தை. கம்பெனியை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைக்க வழி விடும் திவால் சட்டத்தின் 11-ம் அத்தியாயத்தில் மனு போட்ட மறுநாள் போன் செத்துப்போகாது. ஃபேர்பாயின்ட் 2011 ஜனவரியில் திவாலிலிருந்து வெளியே வந்தது, அதுவரை லைன்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மாட்டிக்கொள்வது உங்களுக்கு வர வேண்டிய பணம்தான்: டெபாசிட், இரட்டை பில்லில் போன தொகை, 9 நாள் கழிவு. மனு விழுந்துவிட்டால் நீங்களும் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், குறித்த தேதிக்குள் கோரிக்கைப் படிவம் போட வேண்டியிருக்கும். அதனால் வர வேண்டியதை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, வேறு கம்பெனிக்கோ இன்டர்நெட் வழிப் போனுக்கோ மாறுவதற்கு முன் அம்மாவின் அவசர பட்டன் கம்பெனியைக் கூப்பிட்டு, "புது லைனில் இது வேலை செய்யுமா?" என்று கேளுங்கள். பழைய செம்புக் கம்பி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே கொண்டுவரும், வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபரும் இன்டர்நெட் போனும் அப்படி இல்லை, பேட்டரி வைக்க வேண்டும். அவசர உதவி எண்ணான 911-க்கு உங்கள் வீட்டு முகவரி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். லைன் மாறிய அன்றே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அம்மாவை ஒரு முறை அந்த பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். மறுமுனையில் குரல் வந்தால் மட்டும் பழைய இணைப்பை விடுங்கள்.