தம்பி பைக்கில்தான் இருந்தான், அவன்மேலும் கொலை வழக்கா?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறோம். என் தம்பிக்கு 22 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் ராத்திரி அடகுக்கடையை மூடிவிட்டுப் போனவரிடம் பையைப் பிடுங்க, கூட்டாளிகளோடு போயிருக்கிறான். ஒருவன் கத்தியால் குத்தியதில் அந்த மனிதர் இறந்துவிட்டார். தம்பி தெருமுனையில் பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்துக் காத்திருந்தானாம். "கத்தி இருந்ததே தெரியாதுக்கா" என்கிறான். எப்.ஐ.ஆரில் நாலு பேர் பெயரும், "மற்றும் ஒருவர்" என்றும் இருக்கிறது. மறுநாள் காலை அம்மாவிடம் நாலாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறான். இப்போது புழலில் இருக்கிறான். குத்தியவனுக்கு உள்ள தண்டனைதான் இவனுக்குமா?

பதில்: சகோதரி, தம்பி கத்தியைத் தொடவே இல்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உண்மையாகவே இருக்கட்டும். அதை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டில் தப்ப முடியாது. மொத்தம் எத்தனை பேர், கிளம்பும்போது இவனுக்கு என்ன தெரியும் என்ற இரண்டில்தான் வழக்கே இருக்கிறது.

எப்.ஐ.ஆரில் நீங்கள் தம்பி பெயரைத் தேடியிருப்பீர்கள். எனக்குக் கவலை அந்த "மற்றும் ஒருவர்"தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் அது கூட்டுக்கொள்ளை, பிரிவு 310. பையைப் பிடுங்கியவர்கள் மட்டுமல்ல, கூட இருந்து உதவியவரும் அந்த ஐந்தில் சேர்த்தி. பைக்கோடு நின்ற உங்கள் தம்பியையும் அரசுத் தரப்பு அதில் எண்ணும். கூட்டுக்கொள்ளையில் ஒருவன் கொலை செய்தாலும், 310(3) படி அத்தனை பேருக்கும் தூக்கு, இல்லை ஆயுள், இல்லை குறைந்தது பத்து வருஷம் கடுங்காவல். இவனுக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. பழைய சட்டத்தின் 396தான் இது.

ஐந்தாவது ஆள் பிடிபட வேண்டும் என்றுகூட இல்லை. அப்படி ஒருவன் இருந்தான் என்று சாட்சி வைத்து நிரூபித்தால் போதும். நிரூபிக்க முடியவில்லை என்றால் 310 கழன்றுவிடும். எனவே சிசிடிவியில் எத்தனை பேர் தெரிகிறார்கள், சாட்சிகள் எத்தனை பேரைச் சொல்கிறார்கள் என்பதில்தான் உங்கள் வக்கீல் மெனக்கெட வேண்டும்.

சரி, நாலு பேர்தான் என்று ஆனால்? கொலைக்கு 103, அதோடு பொது எண்ணத்துக்கான 3(5), அதாவது பழைய 302, 34. இங்கே குத்தியவனின் எண்ணத்தில் இவனுக்கும் பங்கு இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். ஒருவன் திடீரென்று தன்னிச்சையாகக் குத்தினான், மற்றவர்கள் எதிர்பார்க்கவே இல்லை என்றால் கொலைக் குற்றம் இவன்மேல் நிற்காமல் போகலாம். அதற்காக வீட்டுக்கு வந்துவிடுவான் என்று நம்பிவிடாதீர்கள். வழிப்பறியில் ஒருவர் காயம் ஏற்படுத்தினால், 309(6) அதில் சேர்ந்து ஈடுபட்ட எல்லோரையும் பிடிக்கும். அதற்கும் ஆயுள் வரை உண்டு.

"வெளியேதான் நின்றேன்" என்ற வாதம் நூறு வருஷப் பழசு. 1923-ல் கல்கத்தா சங்கரிதோலா தபால் நிலையத்தில் போஸ்ட் மாஸ்டர் சுடப்பட்ட வழக்கில், முற்றத்தில் நின்றதாகச் சொன்னவரின் தண்டனையை 1924-ல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் உறுதிசெய்தது. காவலுக்கு நிற்பதும் காரியத்தில் ஒரு பங்குதான் என்று கோர்ட்டுகள் அன்றிலிருந்து சொல்லிவருகின்றன.

கத்தி விஷயத்துக்கு வருவோம். தூண்டி உதவியவர் பற்றிய பிரிவு 51 ஒரு உதாரணமே தருகிறது: ஆயுதம் கொடுத்து ஒரு வீட்டில் கொள்ளையடிக்க அனுப்புகிறான் ஒருவன், தடுக்க வந்த அந்த வீட்டுக்காரரை அவர்கள் கொன்றுவிடுகிறார்கள், கொலை எதிர்பார்க்கக்கூடிய விளைவு என்றால் அனுப்பியவனுக்கும் கொலைக்கான தண்டனை. ஆக, கத்தி இருப்பது தம்பிக்குத் தெரியுமா என்பது சின்ன விஷயமில்லை. அன்று சாயங்காலம் ஓடிய வாட்ஸ்அப் பேச்சும் யார் யாருக்குப் போன் போட்டார்கள் என்பதும் அதைச் சொல்லிவிடும். அவனுடைய போனோ சிம்மோ வீட்டில் இருந்தால் எதையும் அழிக்காதீர்கள். தடயத்தை அழிப்பது 238-ல் தனிக் குற்றம். அழிப்பது அவனுக்குச் சாதகமான பேச்சாகவும் இருக்கலாம்.

அந்த நாலாயிரத்தைச் செலவழிக்க வேண்டாம், வட்டிக்கும் விட வேண்டாம். இன்றே வக்கீலிடம் சொல்லுங்கள், அவர் வழிப்படி ஒப்படையுங்கள். கொள்ளைப் பணம் என்று தெரிந்தே வைத்திருந்தால் அம்மாவும் 317-ல் வருவார். அப்புறம், அந்த ஐந்தாவது ஆள் ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பதில் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும்தான் விலக்கு தருகிறது. பெற்ற தாய்க்கே கிடையாது, பிள்ளையின் நண்பனுக்கு எங்கே?

போலீசிடம் அவன் கொடுத்த வாக்குமூலத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம், அது குற்றத்துக்குச் சாட்சியாகாது. அதைக் கொண்டு கத்தியோ நகையோ கைப்பற்றினால் அந்தப் பகுதி மட்டும் செல்லும்.

90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்க உரிமை உண்டு. ஆனால் வடசென்னையில் இதற்குள் குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புக் காவல் உத்தரவு, போட்டுவிடுவது வழக்கம்தான். அப்படி ஆனால் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு அந்த உத்தரவை உடைக்க வேண்டும். மன்னிப்பு வாங்கிக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறும் அப்ரூவர் ஆகச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் வக்கீல் இல்லாமல் தலையாட்டாதீர்கள். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னால்தான் மன்னிப்பு நிற்கும். அப்ரூவர் ஆனாலும், ஜாமீனில் இல்லாதவர் விசாரணை முடியும்வரை உள்ளேயே இருக்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவசச் சட்ட உதவி கிடைக்கும். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்க மாட்டார்கள்.